வீட்டை நேசித்த சுகாதார அதிகாரி: கார்லோ உர்பானியின் வாழ்க்கை

2003 மார்ச் 29 அன்று பாங்காக் மருத்துவமனை ஒன்றில் கார்லோ உர்பானி என்ற இத்தாலிய மருத்துவர் இறந்தார். அவருக்கு வயது 46. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.  அவர் உயிரைப் பறித்த நோய் சார்ஸ். ஒரு மாதத்துக்கு முன்பு, 'இது நாம் பார்த்திராத புது நோய், உடனே விழித்துக்கொள்ளுங்கள்' என்று உலக சுகாதார நிறுவனத்தை எச்சரித்தவரும் அவர்தான்.

கொரோனா காலத்தில் தனிமைப்படுத்தல், தொடர்பில் இருந்தவர்கள், முகக்கவசம் என்ற சொற்கள் நம் வீட்டுப் பேச்சாகிவிட்டன. அதே வழிமுறைகளை வைத்து, 17 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கொள்ளைநோயை ஒரு நாட்டுக்குள் கட்டிப்போட உதவியவர் உர்பானி. குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்த ஒருவர் அந்த ஆபத்துக்குள் ஏன் இறங்கினார், இறங்கி என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது என்பதைப் பார்ப்போம்.

பொதுச் சுகாதார அதிகாரியின் வேலை என்ன?

காய்ச்சலோடு வருபவரை மருத்துவர் பார்க்கிறார், மருந்து எழுதித் தருகிறார், அவர் தேறினால் நிம்மதி. பொதுச் சுகாதார அதிகாரிக்கோ அங்கேதான் வேலை தொடங்குகிறது. இந்தக் காய்ச்சல் இவருக்கு எங்கிருந்து வந்தது? கடைசிப் பத்து நாளில் எந்தெந்த ஊருக்குப் போனார்? பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் யார், படுக்கை விரிப்பை மாற்றியவர் யார், ரத்தம் எடுத்தவர் யார்? அவர்களில் எத்தனை பேருக்கு இன்று உடம்பு சுடுகிறது? நேற்றைய எண்ணிக்கையைவிட இன்றையது கூடுதலா?

இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதும் பட்டியல்தான் அவருடைய முதல் கருவி. மாதிரிகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, நோயாளிகளைத் தனியே பிரிப்பது, பராமரிப்பவர்களுக்குப் பாதுகாப்பு தேடித் தருவது, அரசிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது என்று மற்றவை எல்லாம் அந்தப் பட்டியலிலிருந்தே கிளம்புகின்றன. உர்பானி இந்த வேலையைப் பல ஆண்டுகள், அதிகம் பேர் கவனிக்காத நோய்களை வைத்துப் பழகியவர்.

இத்தாலியிலிருந்து மேக்கொங் கரைக்கு

உர்பானி 1956 அக்டோபர் 19 அன்று காஸ்தெல்பிளானியோ என்ற சிற்றூரில் பிறந்தார். இத்தாலியின் கிழக்குக் கடற்கரையில் உள்ள அங்கோனா நகரத்தை ஒட்டிய, மேடும் பள்ளமுமான விவசாயப் பகுதி அது. அங்கோனா பல்கலைக்கழகத்தில் 1981-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு தொற்றுநோய், வெப்பமண்டல நோய் ஆகிய துறைகளில் மேற்படிப்பு. சொந்த வட்டாரத்தில் பொது மருத்துவராக இருந்துவிட்டு, பக்கத்து நகரமான மச்செராத்தாவின் மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்தார்.

நிலையான வேலை, பிறந்த ஊர், மனைவி ஜூலியானா, பிள்ளைகள் என்று வாழ்க்கை நன்றாகவே அமைந்திருந்தது. பொழுதுபோக்குக்கும் குறைவில்லை. ஆர்கன் வாசிப்பார், அதிலும் இசையமைப்பாளர் பாக்கின் இசை என்றால் தனிப் பிரியம். நல்ல புகைப்படக்காரர். சின்னஞ்சிறு விமானத்தில் பறக்கும் ஆசையும் உண்டு. வாழ்க்கையை வெறுத்து ஒதுங்கிய துறவி இல்லை அவர். ஒவ்வொரு நாளையும் அனுபவித்து வாழ்ந்தவர்.

1980-களின் இறுதியில், விடுமுறை வந்தால் முதுகுப் பை நிறைய மருந்துகளை அடைத்துக்கொண்டு, நண்பர்களோடு ஆப்பிரிக்காவின் உட்பகுதிக் கிராமங்களுக்குப் போகத் தொடங்கினார். மிகச் சாதாரண மாத்திரை கிடைக்காமல் குழந்தைகள் சாவதை அங்கே நேரில் பார்த்தார். அந்த அனுபவம் அவருடைய திசையை மாற்றியது. 1993 முதல் ஒட்டுண்ணி நோய்கள் குறித்து உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசகரானார். 1996-இல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பில் சேர்ந்து, மனைவி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கம்போடியா போனார்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தான் மட்டும் தொண்டு செய்யக் கிளம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை எங்கே இருந்ததோ, அங்கேயே வீட்டையும் அமைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சில ஆண்டுகள் வளர்ந்தது மேக்கொங் ஆறு பாயும் நாடுகளில்.

புழுக்களோடு போராட்டம்

கம்போடியாவில் அவர் எடுத்துக்கொண்ட நோய் சிஸ்டோசோமியாசிஸ். மேக்கொங் ஆற்றின் நத்தைகளுக்குள் வளரும் ஒருவகைத் தட்டைப்புழு தண்ணீரில் மிதந்து வந்து, ஆற்றில் குளிப்பவர், மீன் பிடிப்பவர், விளையாடும் குழந்தை என யாராக இருந்தாலும் தோலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் போய்விடும். வலிகூடத் தெரியாது. நாளடைவில் ஈரலும் மண்ணீரலும் வீங்கும், வயிறு உப்பும், முற்றிய நிலையில் ரத்த வாந்தி எடுத்து உயிர் போகும். இத்தனை கொடிய நோய்க்கு மருந்து பிரசிகுவான்டெல் மாத்திரைதான். உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டுக் கொடுத்தால் புழு செத்துவிடும். அந்த மாத்திரையை ஆற்றங்கரைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

1999-இல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் இத்தாலியக் கிளைக்குத் தலைவரானார். அந்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு அந்த அமைப்புக்குக் கிடைத்தது. ஓஸ்லோவில் பரிசை வாங்கிய குழுவில் உர்பானியும் இருந்தார். கவனிப்பாரற்ற நோய்களுக்கு மருந்து தேடும் பணிக்கே அந்தப் பரிசுத் தொகையை அமைப்பு ஒதுக்கியது. ஏழைகளுக்கு வரும் நோய் என்பதால் லாபம் இல்லை, லாபம் இல்லாததால் மருந்தும் இல்லை என்ற நிலைமையை எதிர்த்து அவர் தொடர்ந்து பேசி வந்தார்.

2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அதிகாரியாக வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குக் குடும்பத்தோடு வந்தார். வியட்நாம், கம்போடியா, லாவோஸ் முதலிய நாடுகளில் ஒட்டுண்ணி நோய்க் கட்டுப்பாடு அவருடைய பொறுப்பு. பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுப்பது அதில் முக்கியமான வேலை. தமிழ்நாட்டில் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பார்களே, அதே வகைத் திட்டம்தான். குடலில் புழு இருக்கும் குழந்தைக்குச் சாப்பிடும் சாப்பாடு ஒட்டாது, ரத்தம் குறையும், படிப்பில் கவனம் நிற்காது. மலிவான ஒரு மாத்திரை இதை மாற்றிவிடும்.

பள்ளி வயதுக் குழந்தைகளில் குறைந்தது 75 விழுக்காட்டினருக்கு 2010-க்குள் இந்த மாத்திரை சென்று சேர வேண்டும் என்று 2001-இல் உலக சுகாதாரப் பேரவை இலக்கு வைத்தது. கம்போடியா அந்த இலக்கை 2004-இலேயே எட்டிவிட்டது. அதைப் பார்க்க உர்பானி உயிரோடு இல்லை.

ஹனோயிலிருந்து ஒரு தொலைபேசி

2003 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. ஹனோய் பிரெஞ்சு மருத்துவமனையிலிருந்து உலக சுகாதார நிறுவன அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. இரண்டு நாளைக்கு முன்பு அமெரிக்க வணிகர் ஒருவர் கடும் காய்ச்சலோடும் இருமலோடும் சேர்ந்திருக்கிறார், நிமோனியா மாதிரி தெரிகிறது, ஆனால் எந்த மருந்துக்கும் அசையவில்லை, பறவைக் காய்ச்சலோ என்று பயமாக இருக்கிறது என்றார்கள். உர்பானி புழுத் துறைக்காரர்தான். ஆனாலும் தொற்றுநோய் படித்தவர், ஊரில் இருப்பவர். உடனே கிளம்பிப் போனார்.

அந்த வணிகருக்கு நோய் தொற்றிய வழி பிறகுதான் தெளிவாயிற்று. 2002 நவம்பரில் தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் விசித்திரமான நிமோனியா தோன்றியது. வெளியுலகுக்கு அதைப் பற்றிச் சரியான தகவல் வரவில்லை. அங்கே நோயாளிகளைப் பார்த்த மருத்துவர் ஒருவர், தனக்கும் காய்ச்சல் இருந்த நிலையில், 2003 பிப்ரவரி 21 அன்று ஹாங்காங் வந்து ஓட்டலில் தங்கினார். அதே மாடியில் தங்கியிருந்த பலருக்கு அது தொற்றியது. ஒருவர் மூலம் கனடாவின் டொரான்டோவுக்கும், ஒருவர் மூலம் சிங்கப்பூருக்கும், இந்த வணிகர் மூலம் ஹனோய்க்கும் நோய் போனது. ஒரு தளம், ஓரிரு நாள், அதற்குள் நான்கு ஊர்கள்.

இது எதுவும் அப்போது உர்பானிக்குத் தெரியாது. அவர் முன்னால் மூச்சுக்குத் திணறும் ஒரு நோயாளி, எல்லாச் சோதனையிலும் விடை கிடைக்காத ஒரு நோய். ஒரு வாரத்துக்குள் இன்னொன்றும் தெரிந்தது. அந்த நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். மார்ச் 5 வாக்கில் ஏழு பேர். அடுத்த சில நாட்களில் இருபதைத் தாண்டியது.

அவர் செய்தவை

முதலில், தினமும் போனார். அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை கேட்டு வாங்கவில்லை. ஒவ்வொரு படுக்கையாகச் சென்று அறிகுறிகளைக் கேட்டார், யாருக்கு எந்தத் தேதியில் காய்ச்சல் தொடங்கியது என்று குறித்தார். தேதிகளை வரிசைப்படுத்தியபோது, தொட்ட நாளுக்கும் காய்ச்சல் கண்ட நாளுக்கும் இடையே சில நாள் இடைவெளி இருப்பது புலப்பட்டது. இந்த இடைவெளி தெரிந்தால்தான், தொடர்பில் இருந்தவரை எத்தனை நாள் கண்காணிக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

இரண்டாவது, ரத்தமும் சளியும் எடுத்து ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வகங்களுக்குப் போகச் செய்தார். அறியப்பட்ட கிருமி எதுவும் இல்லை என்று தெரிந்ததே பெரிய தகவலாக அமைந்தது.

மூன்றாவது, ஊழியர்களுக்குப் பாதுகாப்பு. நுண்வடிகட்டி முகக்கவசம், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மேலங்கி, கையுறை, கை கழுவும் முறை என்று ஒவ்வொன்றையும் வற்புறுத்தினார். அன்றைய வியட்நாம் மருத்துவமனைகளில் இவற்றில் சில வழக்கமில்லை. நோயாளிகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, யாரும் தன்னிஷ்டத்துக்கு நுழையாதபடி காவலும் போட வைத்தார். பயந்துபோயிருந்த செவிலியர்களிடம் நேரம் ஒதுக்கிப் பேசினார். அவர் அந்த மருத்துவமனையில் நாள் தவறாமல் இருந்ததுதான் ஊழியர்களைத் தாங்கிப் பிடித்தது என்று உடன் பணியாற்றியவர்கள் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

நான்காவது, ஒளிக்காமல் சொன்னார். நிறுவனத்தின் மணிலா, ஜெனீவா அலுவலகங்களுக்குத் தகவல் உடனுக்குடன் போனது. மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாளிலும் வியட்நாம் சுகாதார அமைச்சக உயரதிகாரிகளோடு ஏறக்குறைய நான்கு மணி நேரம் பேச்சு நடந்தது. அப்போது ஹனோயில் உலக சுகாதார நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த பாஸ்கால் புருதோனும் உர்பானியும் நிலைமையை எடுத்து வைத்தார்கள். ஓர் அரசுக்கு இது சுலபமான முடிவில்லை. மருத்துவமனையை மூடினால் பீதி கிளம்பும். வெளிநாட்டு நிபுணர்களை அழைத்தால் செய்தி உலகமெங்கும் பரவும். சுற்றுலாவும் வணிகமும் அடி வாங்கும். வியட்நாம் அதையெல்லாம் ஏற்றுக்கொண்டது. மருத்துவமனைக்குப் புது நோயாளிகளும் பார்வையாளர்களும் வருவது நின்றது. வெளிநாட்டு நிபுணர் குழுக்கள் வந்து இறங்கின.

அந்த மருத்துவமனையின் ஊழியர்கள் பலர் வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே தங்கிவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நோயைக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காக அவர்களே எடுத்த முடிவு அது. குடும்பப் பாசம் அந்த நாட்களில் விலகி நிற்பதாக வெளிப்பட்டது. உர்பானியின் வீட்டிலும் அதே நிலைமைதான்.

வீட்டில் எழுந்த கேள்வி

ஜூலியானாவுக்கும் அவருக்கும் இது குறித்து வாக்குவாதம் நடந்தது. மூன்று பிள்ளைகளின் அப்பா இத்தனை ஆபத்தான நோயாளிகளின் அருகே போவது பொறுப்பான செயலா என்று ஜூலியானா கேட்டார். இப்படிப்பட்ட நேரத்தில் வேலை செய்யாவிட்டால் நான் இங்கே இருப்பதற்கு என்ன அர்த்தம், மின்னஞ்சலுக்குப் பதில் போடவும் விருந்துகளுக்குப் போகவும் கோப்பு தள்ளவுமா என்ற பொருளில் உர்பானி பதில் சொன்னார். அவர் இறந்த பிறகு பல நாட்டுப் பத்திரிகைகளில் இந்த உரையாடல் வெளிவந்தது.

இதைப் படிக்கும்போது கணவர் பக்கம் நியாயம், மனைவி பக்கம் பயம் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். அப்படிப் பிரிப்பது ஜூலியானாவுக்குச் செய்யும் அநியாயம். கணவரின் வேலைக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் வந்து, மொழி தெரியாத ஊர்களில் வீடு நடத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர். அவர் கேட்டது ஒரு தாயின் நியாயமான கேள்வி. உர்பானியும் அதை அலட்சியப்படுத்தவில்லை. அதற்கு அவர் செய்த வேலையே சொல்லும் விடை ஒன்று உண்டு: நோய் அந்த மருத்துவமனைச் சுவரைத் தாண்டினால் ஹனோயில் எந்த வீடும் தப்பாது, தன் வீடு உட்பட.

சுகாதாரப் பணியில் இருப்பவர்களின் வீடுகளில் இந்த வாக்குவாதம் இன்றும் நடக்கிறது. 2020-இல் எத்தனையோ மருத்துவர்கள், செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள் வாசலிலேயே உடை மாற்றி, மொட்டை மாடி அறையில் தனியே படுத்து, பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மறுநாள் பணிக்குப் போனார்கள். பாசம் இல்லாமலா அப்படிச் செய்தார்கள்?

மார்ச் 11

செவ்வாய்க்கிழமை உர்பானி பாங்காக் விமானத்தில் ஏறினார். பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு நீக்குவது பற்றி அங்கே ஒரு கருத்தரங்கில் பேச வேண்டியிருந்தது. பறக்கும்போதே உடம்பு சுடத் தொடங்கியது. அது என்னவென்று உலகத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

விமான நிலையத்தில் அவரை வரவேற்க அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர் ஒருவர் காத்திருந்தார். அருகில் வர வேண்டாம் என்று உர்பானி கையசைத்துத் தடுத்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதில் வருபவர்கள் வழியில் பாதுகாப்பு உடைகளை வாங்கிக்கொண்டு வர வேண்டியிருந்ததால் தாமதமாயிற்று. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இரண்டு மருத்துவர்களும் சில அடி இடைவெளி விட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகம் பேசவில்லை.

காய்ச்சல் தெரிந்த மறுகணமே தன்னையும் ஒரு நோயாளியாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார் உர்பானி. கருத்தரங்கில் தலைகாட்டிவிட்டுப் பார்க்கலாம், ஓட்டலில் ஒரு மாத்திரை போட்டுப் படுக்கலாம் என்று நினைத்திருந்தால், ஹாங்காங் ஓட்டலில் நடந்தது பாங்காக்கிலும் நடந்திருக்கும். ஹனோயில் பிறருக்கு அவர் வகுத்த விதியைத் தனக்கும் விலக்கில்லாமல் நடத்திக் காட்டினார்.

பாங்காக் மருத்துவமனையில் அவருக்காகவே அவசர அவசரமாக ஒரு தனி அறையைத் தயார் செய்தார்கள். இரட்டைக் கண்ணாடி, காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி எல்லாம் பொருத்தினார்கள். பிள்ளைகளை இத்தாலிக்கு அனுப்பிவிட்டு ஜூலியானா பாங்காக் வந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒலிபெருக்கிக் கருவி வழியாகத்தான் கணவரோடு பேச முடிந்தது. நாளாக ஆக நுரையீரல் மோசமாகி, வென்டிலேட்டர் தேவைப்பட்டது. நினைவு இருந்தபோது, தன் நுரையீரல் திசுவை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதினெட்டு நாள் போராட்டத்துக்குப் பிறகு உயிர் பிரிந்தது.

என்ன பலன்?

உர்பானி படுத்த மறுநாள், மார்ச் 12 அன்று, உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுமைக்கும் எச்சரிக்கை விடுத்தது. மார்ச் 15 அன்று நோய்க்குச் சார்ஸ் என்று பெயரிட்டு, பயணிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் அவசர அறிவுரை வெளியிட்டது. அந்த மாத இறுதிக்குள் பல நாட்டு ஆய்வகங்கள் போட்டியை ஒதுக்கிவிட்டுச் சேர்ந்து உழைத்து, புது வகைக் கொரோனா வைரஸே காரணம் என்று கண்டுபிடித்தன. அமெரிக்க ஆய்வகம் பிரித்தெடுத்த வைரஸ் வகைக்கு 'உர்பானி' என்றே பெயர் வைத்தார்கள்.

2003 ஏப்ரல் 28 அன்று, சார்ஸ் பரவலை முதன்முதலில் கட்டுக்குள் கொண்டுவந்த நாடாக வியட்நாமை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அங்கே நோய் கண்டவர் 63 பேர், இறந்தவர் 5 பேர். பாதிக்கப்பட்டோரில் பாதிக்கு மேல் மருத்துவமனை ஊழியர்கள். ஜூலை 5 அன்று உலக அளவிலும் பரவல் நின்றது. மொத்தத்தில் 8,096 பேருக்கு நோய், 774 இறப்புகள். பத்தில் ஒருவரை எடுத்துக்கொண்ட நோய், தடுப்பூசியும் மருந்தும் இல்லாமலே எட்டு மாதத்துக்குள் அடங்கியது.

அடங்கியதற்கு நோயின் குணமும் ஒரு காரணம். சார்ஸ் வந்தவரிடமிருந்து வைரஸ் அதிகமாக வெளிப்படுவது நோய் முற்றும் இரண்டாவது வாரத்தில்; அதற்குள் அவர் பெரும்பாலும் மருத்துவமனையில் இருப்பார். எனவே காய்ச்சல் கண்டவரை உடனே பிரித்து, பராமரிப்பவரைப் பாதுகாத்தால் சங்கிலி அறுந்துவிடும். கோவிட் அப்படியில்லை. அறிகுறி தெரிவதற்கு முன்பே அது பரவியது. அதனால்தான் அதே வழிமுறைகள் போதாமல் போயின. சார்ஸிலும் காலம் தாழ்த்திய இடங்களில் விலை அதிகம். ஹாங்காங், டொரான்டோ, தைவான் என்று பல இடங்களில் மருத்துவமனைகளே பரவல் மையங்களாயின.

ஹனோயிலேயே இன்னொரு மருத்துவமனையில் சார்ஸ் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர்களுக்குத் தொற்று பரவவில்லை. அங்கே நவீன வசதிகள் குறைவு. ஆனால் அறைகள் பெரியவை, கூரை உயரமானது, சன்னல்களை அகலத் திறந்து வைத்து மின்விசிறியைச் சுழல விட்டிருந்தார்கள். குளிரூட்டி மூடிய அறையைவிடக் காற்றோட்டமான வார்டு பாதுகாப்பானது என்ற பாடத்தை அந்த அனுபவம் உறுதிப்படுத்தியது.

உலகச் சட்டமும் மாறியது. அதற்கு முன்பு காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும்தான் நாடுகள் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2005-இல் திருத்தி 2007-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகளின்படி, பெயர் தெரியாத புது நோயாக இருந்தாலும், பன்னாட்டு ஆபத்து என்று மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். 2003 மார்ச்சில் உர்பானியும் அவருடைய சகாக்களும் செய்தது இதைத்தான்.

தியாகம் என்று சொல்லி முடிக்கலாமா?

உர்பானியின் நினைவாக இத்தாலியில் குடும்பத்தாரும் நண்பர்களும் நடத்தும் ஓர் அமைப்பு இருக்கிறது. அவர் ஊருக்கு அருகே உள்ள ஜேசி நகரத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இந்த மரியாதைகள் எல்லாம் அவருக்குத் தகும்.

ஆனால் குடும்பத்தைத் துறந்து கடமையைத் தேர்ந்தெடுத்த தியாகி என்று அவர் கதையைச் சுருக்கிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் குடும்பத்தைத் துறக்கவே இல்லை. வேலைக்காகக் குடியேறிய இடமெல்லாம் குடும்பத்தோடு போனார். மேக்கொங் கரையில் புழு மாத்திரை விழுங்கிய குழந்தையையும் தன் வீட்டுக் கடைக்குட்டியையும் ஒரே அக்கறையோடு பார்த்தார். தன் பிள்ளைக்கு எது வரக்கூடாது என்று நினைத்தாரோ, அது எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்று வேலை செய்தார். வீட்டுப் பாசத்தின் எல்லையை விரித்துக்கொண்டே போனவர் அவர்.

தியாகம் என்ற சொல்லுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைச் சொல்லிவிட்டால் நம் கடன் தீர்ந்ததாக ஆகிவிடுகிறது. உலகில் சார்ஸ் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் சுகாதாரப் பணியாளர் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர் சரியான முகக்கவசம் இல்லாததால், எதிரில் இருப்பது என்ன நோய் என்று யாரும் சொல்லாததால் நோயுற்றார்கள். குவாங்டாங்கிலிருந்து தகவல் உரிய நேரத்தில் வந்திருந்தால் ஹனோய் செவிலியர்கள் முதல் நாளே முகக்கவசம் போட்டிருப்பார்கள். அவர்களும் யாரோ ஒரு பிள்ளையின் தாய், யாரோ ஒரு தாயின் பிள்ளை. ஜூலியானாவின் கேள்விக்கு உர்பானி தனி ஆளாகப் பதில் சொல்ல வேண்டி வந்ததே நம் ஏற்பாடுகளில் இருந்த ஓட்டை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசும் நிர்வாகமும் சமூகமும்தான்.

அந்தப் பதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கொள்ளைநோய் வருவதற்கு முன்பே பாதுகாப்பு உடைகள் இருப்பில் இருக்க வேண்டும். வார்டுகளில் காற்று ஓட வேண்டும். காய்ச்சல் கண்ட ஊழியர் சம்பளம் போகுமோ என்று பயப்படாமல் விடுப்பு எடுக்க முடிய வேண்டும். கெட்ட செய்தியை முதலில் சொல்லும் அதிகாரியைத் தண்டிக்காமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர் பணியில் இருக்கும்போது அவர் வீட்டுக்கு ஒரு துணை வேண்டும், அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த வீட்டைத் தாங்கும் கை வேண்டும்.

நம் பங்கு ஒன்றும் இருக்கிறது. காய்ச்சல் காலத்தில் சுகாதாரத் துறையிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்து, எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை என்று கேட்பவரிடம் மறைக்காமல் உண்மையைச் சொல்லலாம். அவர் எழுதும் பட்டியலில்தான் நம் தெருவின் பாதுகாப்பு இருக்கிறது. நாம் சொல்லும் ஒரு சரியான தேதி, அவர் தேவையில்லாமல் ஓர் ஆபத்துக்குள் நுழைவதைத் தடுத்து, வேலை முடிந்து பத்திரமாகத் தன் பிள்ளைகளிடம் போய்ச் சேர உதவும்.